ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓர் இடது கை

பிரபு,

நம் பேஸ்பால் கிளப்பின் வெள்ளி விழா மலருக்கு ‘ஃபர்ஸ்ட் பேஸ்: நேற்று, இன்று, நாளை’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. நானும் நான்கு முறை உட்கார்ந்தேன். நேற்று யார் நின்றார்கள், இன்று யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் கடகடவென்று எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் பேனா நகர மாட்டேன் என்கிறது. ஏன் நகரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கட்டுரையை விட்டுவிட்டு உனக்குக் கடிதமாக எழுதுகிறேன். நீதான் மலரைத் தொகுக்கிறாய், நீதான் முதலில் படிப்பாய். படித்த பிறகு இதை அச்சுக்குக் கொடுப்பதோ கிழித்துப் போடுவதோ உன் இஷ்டம். என்னைக் கேட்டால் போடு என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தாமலே திரும்பிப் போகிற அப்பா அம்மாக்கள் எல்லாரும் படிக்கட்டும். ஊர் படித்தால் என் மானம் போகும், உண்மைதான். போக வேண்டிய மானம் அது.

போன வாரம் காட்டுப்பாக்கத்திலிருந்து நீ போன் செய்தாயே, அந்தப் பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். “அப்பா, நம்ம டீம்ல எல்லா எடமும் ஃபுல்லு. ஃபர்ஸ்ட் பேஸ்தான் ஓட்டை. ஒரே ஒரு லெஃப்ட் ஹேண்டர் கெடச்சா போதும்பா. உங்களுக்குத் தெரிஞ்சவன் யாராவது இருக்கானா?” என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மூச்சிலேயே சிரித்துக்கொண்டு உன் மகளைப் பற்றிச் சொன்னாய்: “சொல்ல மறந்துட்டேன். பாப்பா எதுக்கெடுத்தாலும் பீச்சாங்கையைத்தான் நீட்டறா. ஸ்கூல்ல சேக்கறதுக்குள்ள மாத்திடுன்னு அம்மா சொல்லிக்கினே இருக்காங்க. நம்ம ஊட்ல யாருக்குமே இல்லையேப்பா, இது எங்கேர்ந்து வந்துது?” நான் பதில் சொல்வதற்குள், “நீங்க எனக்கு சாக்ஸ் பொம்மை மாட்டி வுடுவீங்கல்ல, அதைப் பாப்பாக்கும் மாட்டினேன். ஒரே சிரிப்பு, வீடியோ அனுப்பறேன் பாருங்க” என்றாய். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. அம்மா ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் என்ன பொய் சொன்னேன் என்று அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கீரையைப் பார்த்துக்கொண்டாள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டாய் அல்லவா? உன்னிடமிருந்து வந்தது. நீ பிறவியில் இடது கைக்காரன், பிரபு. உன்னை வலது கைக்கு மாற்றியவன் நான். அந்த சாக்ஸ் பொம்மை விளையாட்டில்லை. உன் கல்யாண ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்து, “எங்கப்பா ஃபேக்டரிலேர்ந்து அவ்ளோ அலுப்பா வந்தாலும் எனக்குப் பொம்மை காட்டி சோறு ஊட்டாம இருக்க மாட்டார்” என்று நீ சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் என் தொடையில் தட்டினார். அது கூச்சமில்லை. இன்றைக்கு முப்பத்திரண்டு வயதிலும் நீ பாசம் என்று நினைத்துச் சுமந்துகொண்டிருப்பது என்ன என்பது அந்த மண்டபத்தில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

உனக்கு மூன்றரை வயது அப்போது. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் செக்‌ஷன் ஃபோர்மேன் மகளுக்கு வளைகாப்பு. வாசலில் வருகிறவர்களுக்குக் கற்கண்டு கொடுக்க நீயாகவே போய் நின்றுகொண்டாய். ஃபோர்மேன் வந்து குனிந்து கையை நீட்டினார். நீ இடது கையால் கற்கண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாய். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கற்கண்டு தரையில் சிதறியது. “இன்னாய்யா, புள்ளைக்குச் சாப்புட்ற கை எது, கழுவுற கை எதுன்னு கத்துக் குடுக்கலியா?” என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாங்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், தருமபுரி என்று ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்து ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தோம். ஒருவரை ஒருவர் எடைபோட்டுக்கொண்டே இருப்போம். அந்தச் சிரிப்பை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன். நீ வழியெல்லாம் “கல்கண்டு, கல்கண்டு” என்று அழுதாய்.

அன்று மாலையே என் ஆட்ட சாக்ஸை எடுத்தேன். முழங்கால்வரை வரும் அந்த நீல சாக்ஸ், ஃபேக்டரி டீமில் கொடுத்தது. அதை உன் இடது கையில் முழங்கைவரை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டினேன். நீ பயந்துவிடக் கூடாதே என்று பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்தேன். “இது தூங்குமூஞ்சி. தூங்குமூஞ்சி எழுந்துக்கக் கூடாது. இந்தச் சோத்தாங்கைதான் வேலை செய்யும், என்ன?” என்றேன். நீ சிரித்தாய். பிள்ளைகள் எதற்கும் சிரிக்கும். சாப்பிடும்போது, சிலேட்டில் எழுதும்போது, சாமி கும்பிடும்போது எல்லாம் சாக்ஸ். எட்டு மாதம். இடையில் ஒரு நாள், சாக்ஸைக் கழற்றிய பிறகும் உன் இடது கை மடியிலேயே கிடந்தது. “எழுந்துக்கலப்பா, தூங்குது” என்றாய். அன்றைக்கு நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், பையன் மாறிவிட்டான் என்று. உன்னை அடிக்கவில்லை, சூடு போடவில்லை, மற்ற அப்பன்களைவிட நான் ரொம்ப நல்லவன் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? இடது கையின் அருமை தெரியாத ஆள் இல்லை நான். ஃபேக்டரி டீமில் மூன்றாவது பேஸில் நின்றவன். மலரைப் படிக்கிற பெற்றோர்களுக்கு பேஸ்பால் தெரியாமல் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். அடிக்கிறவன் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு முதல் பேஸுக்கு, அதாவது தரையில் வைத்திருக்கும் முதல் மூட்டைக்கு, ஓடுவான். அவன் போய்ச் சேர்வதற்குள் பந்து அங்கே நிற்கிறவன் கையில் இருக்க வேண்டும். மற்ற எல்லாரும் எறிகிறவர்கள், அவன் ஒருவன் வாங்கிக்கொள்கிறவன். அந்த இடத்துக்கு இடது கைக்காரன்தான் பொருத்தம். எறிகிற கை இடது என்பதால் பந்து பிடிக்கும் தோலுறையான மிட் வலது கையில் இருக்கும். முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவில் வருகிற பந்துகள் எல்லாம் அந்தக் கைப்பக்கம்தான் வரும். பிடித்த பந்தை இரண்டாவது பேஸுக்கு அனுப்ப வேண்டுமென்றால் வலது கைக்காரன் உடம்பைத் திருப்பி நிற்க வேண்டும், இடது கைக்காரன் நின்ற வாக்கில் எறிவான். அந்த அரை நொடியில்தான் ஆட்டம் கை மாறும்.

எங்கள் டீமில் அப்படி நின்றவர் தங்கராஜ் அண்ணன், ஃபிட்டர். பிறந்து வளர்ந்ததே இந்தப் பக்கம்தான். நான் எவ்வளவு கோணலாக எறிந்தாலும் பிடித்துவிட்டு, “உன் த்ரோவைப் புடிச்சிப் புடிச்சி எனக்கு இடுப்பே ஒரு சைஸ் கொறஞ்சி போச்சி நைனா” என்பார். ஒரு சனிக்கிழமை உன்னை மைதானத்துக்குத் தூக்கிப் போயிருந்தேன். சாக்ஸ் கட்ட ஆரம்பித்த புதிது. மைதானத்தில் சாக்ஸ் இல்லை, அதனால் நீ இடது கையால் பந்தைப் பொறுக்கி அவர் பக்கம் விட்டெறிந்தாய். அவர் ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டார். “டேய், உன் புள்ள லெஃப்டுடா! வுட்டுடு, கைய வெச்சிக் கெடுக்காத. இன்னும் பதினஞ்சு வருசத்துல ஃபர்ஸ்ட் பேஸ் நம்ம ஊட்டுக்குத்தான்” என்றார். நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “ஆட்டம் வேற, வீடு வேறண்ணே” என்றேன். அவருடைய இடது கையில் போய்ச் சேர்ந்த பந்துகளால் பத்து வருடம் பேர் வாங்கியவன், அதே வாயால் சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போனது. அவர் கையைப் பற்றியும் நான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பிறகு நான் ஆடுவதை நிறுத்தி, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை வைத்து இந்த கிளப்பை ஆரம்பித்தது உனக்குத் தெரியும். நீ பன்னிரண்டு வயதில் சேர்ந்தாய். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாய். உன் உயரத்தைப் பார்த்து ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தினேன். பிடிப்பதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. எறியும்போதுதான் முழங்கை கீழே இறங்கிவிடும், பந்து தரையைத் தட்டும். நான் என்ன செய்தேன்? குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவரில் கரியால் வட்டம் போட்டு, தினமும் நூறு தடவை எறியச் சொன்னேன். கை வீங்கிப் போய் நீ இட்லியைப் பிய்க்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எல்லார் முன்னாலும், “சோத்துல உப்பு போட்டுத்தானடா திங்கற? இவ்ளோ சோம்பேறியா?” என்று கத்தினேன். நீ ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. “சரிப்பா, நாளைக்குச் சரியாப் போடறேன்” என்பாய். வராத கைக்கு நீ என்ன செய்வாய்? வருகிற கையைக் கட்டிப் போட்டவன்தான் எதிரே நின்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு நீ ஒருவன், உனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. மாவட்ட ஆட்டங்களில் நின்று ஆட வேண்டுமென்றால் இன்னொரு ஆள் வேண்டும், அதுவும் இடது கை ஆள் வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பி.டி. மாஸ்டர்களிடம் கேட்டேன். வரிசையாக நிற்க வைத்துப் பந்தை எறியச் சொல்வோம். அத்தனை பேரும் வலது கை. இடது பக்கமாக நின்று கிரிக்கெட் பேட் பிடிக்கிறவன் கிடைப்பான், பந்தை எறியச் சொன்னால் வலது கையால் எறிவான். “இந்த ஏரியாவுல லெஃப்ட்டே பொறக்கறதில்ல போல சார்” என்றார் ஒரு மாஸ்டர். ஆமாம் சார் என்று நானும் தலையாட்டினேன். பிறக்காமல் என்ன, வீட்டுக்கு வீடு ஒரு சாக்ஸ் இருந்திருக்கும். சாக்ஸ் இல்லாத வீட்டில் கரண்டிக் காம்பு இருந்திருக்கும். எனக்குத் தெரியாதா அது?

கடைசியில் அண்ணனூரில் மோசஸ் கிடைத்தான். அவன் அம்மா வீட்டு வேலை, கடை வேலை என்று ஓடிக்கொண்டிருந்ததால் அவன் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை, தப்பித்தான். பிரமாதமான கை. அவன் வந்த இரண்டாவது வாரமே உன்னை பெஞ்சில் உட்கார வைத்தேன். கிளப்பில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், சொந்த மகன் என்று பார்க்கவில்லை, மனுஷன்னா இவர்தான் என்று. அந்தப் புகழ்ச்சியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் நீ தண்ணீர்க் கேனைத் தூக்கினாய், கிட் பேக்கைத் தூக்கினாய், மோசஸுக்கு உன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி கொடுத்தாய். அவனுக்காக மிட் வாங்க வேண்டும் என்று கிளப்பில் முதலில் கேட்டவனே நீதான். “என்ன இருந்தாலும் அவன் கை மாதிரி வராதுப்பா” என்று என்னிடமே சொன்னாய். நான் “ஆமா” என்றேன். இந்த ஒரு ‘ஆமா’வுக்கே நான் உன் முகத்தில் முழிக்கக் கூடாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. இதுவரை சொன்னதற்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லலாம். அந்தக் காலம் அப்படி, ஊர் அப்படி என்று நழுவலாம். உனக்குப் பதினைந்து வயதில் நடந்ததற்குச் சாக்கே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நீ பேஸ் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். மோசஸ் தன் மிட்டை பெஞ்சில் மறந்துவிட்டுப் போயிருந்தான். நான் மூன்றாவது பேஸ் பக்கம் குனிந்து கோணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கராஜ் அண்ணன் வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தார். “அப்பா!” என்றாய். நிமிர்ந்தேன். நீ மோசஸின் மிட்டை வலது கையில் மாட்டியிருந்தாய். விளையாட்டாக இடது கையால் ஒரு பந்தை எறிந்தாய். அது அங்கிருந்து மைதானத்தின் குறுக்கே வளையாமல் நெளியாமல் வந்து என் நெஞ்சில் அடித்தது. நீயே அசந்துபோய் உன் கையைப் பார்த்துக்கொண்டாய். “அப்பா, பாருங்களேன், இந்தக் கையில நல்லாப் போவுது!” என்று சிரித்தாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். நீ லெஃப்டுடா, நான்தான் மாற்றிவிட்டேன், மன்னிச்சிடு, நாளையிலிருந்து பழகலாம் என்று நாலு வார்த்தை. பதினைந்து வயது, நிறையக் காலம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், சுவரில் நீ எறிந்த அத்தனை பந்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். மோசஸ் முன்னால், கிளப் முன்னால், உன் முன்னால் நான் யார் என்று தெரிந்துபோகும். அதனால் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்தவன் சாமானை எதுக்குடா தொடற? கழட்டி வை” என்று உறுமினேன். உன் சிரிப்பு அப்படியே நின்றது. மிட்டைக் கழற்றித் துடைத்து பெஞ்சில் வைத்தாய். உன்னை வண்டியில் ஏற்றிக்கொள்ளாமல் நான் மட்டும் கிளம்பிப் போனேன். பின்னால் உட்கார்ந்து நீ இன்னொரு தடவை கேட்டுவிடுவாயோ என்ற பயம். மரத்தடியைத் தாண்டும்போது தங்கராஜ் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நம் மைதானத்துக்கு வரவே இல்லை.

நீ நடந்தே வீட்டுக்கு வந்தாய். மறுநாள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது என் எதிரில் வந்து நின்று, “சாரிப்பா, இனிமே மோசஸ் மிட்டைத் தொட மாட்டேன்” என்றாய். நான் பேப்பரை மடிக்காமலே “ம்” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் உட்கார்ந்திருக்க, நீ நின்றுகொண்டு கேட்டாய். பிரபு, என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்த ‘ம்’தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மோசஸ் வேலை கிடைத்து வடக்கே போகும்போது அந்த மிட்டை கிளப்புக்கே விட்டுவிட்டுப் போனானே, அதைக் காணோம் என்று நீங்களெல்லாம் மாதக் கணக்கில் தேடினீர்கள். கிட் பேக்கைச் சுமந்தவன் என்று உன்னைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அதை எடுத்தவன் நான். நீ மறுபடியும் மாட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று பாலிதீன் பையில் சுற்றி லாஃப்டில் போட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்தக் கோவில்பதாகை வீட்டுக்கு வரும்போது அதையும் ஒளித்துதான் கொண்டுவந்தேன்.

மலருக்காக நீ கேட்டதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையை ஏமாற்றிவிட்டேன் என்பாய். இன்றைக்கு ஃபர்ஸ்ட் பேஸில் நம் கையிருப்பு மூன்று பேர். சீனு நல்ல ஆட்டக்காரன், ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறான். முழங்காலும் போய்விட்டது. தரையோடு வருகிற பந்து, அவன் குனிவதற்குள் அவனை நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுகிறது. காலேஜில் படிக்கிற ஆசிப்புக்கு நீண்ட கைகள், பிடிப்பது அழகு, ஆனால் திரும்பி எறியும்போது கால் பேஸை விட்டு வந்துவிடுகிறது. பூந்தமல்லிப் பையன் மூன்று வருடத்தில் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். பிளஸ் டூ என்று சொல்லி வீட்டில் நிறுத்தாமல் இருந்தால். மூவரும் வலது கை. வரப்போகிறவர்களைப் பார்க்கலாம் என்று போன ஞாயிறு சின்னப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறதை ஓரமாக நின்று பார்த்தேன். அதில் ஒரு பெண் குழந்தை பந்தை எடுக்க முதலில் இடது கையை நீட்டுகிறாள், பிறகு ஞாபகம் வந்தாற்போல் வலதுக்கு மாற்றிக்கொள்கிறாள். நம் கிளப்பின் எதிர்காலம் பற்றி நீ கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஓட்டை மைதானத்தில் இல்லை, நம் சமையலறைகளில் இருக்கிறது.

அம்மா மேல் கோபப்படாதே. நீ போன் செய்த அன்று அவளிடம் சொன்னேன், பிரபுவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று. “இப்ப எதுக்குங்க அதெல்லாம்? நல்லாத்தானே இருக்கான். நல்ல வேலை, ஃப்ளாட்டு, குழந்தை. சொல்லி இன்னாத்த மாத்தப் போறீங்க?” என்றாள். பிறகு, “பாப்பாவையும் மாத்தச் சொன்னது நான்தானே. அப்ப என்னையும் சேத்து எழுதுங்க” என்றாள். அழுதாள். சாக்ஸை எடுத்து வந்தது நான், அவள் கண்ணெதிரே செய்தேன், அவள் சும்மா இருந்தாள். அவள் பங்கு அவ்வளவுதான். மீதி முழுக்க என்னுடையது.

இந்த வாரம் நீயும் மருமகளும் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்த மூன்று நாள் பாப்பா இங்கே இருந்தாள் அல்லவா? சாயங்காலம் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்தேன். அவள் இடது கையில் வாங்கிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. இத்தனை வருடம் இதை நினைத்து வெந்தவன், உன் வீடியோவை மூன்று தடவைக்கு மேல் பார்க்க முடியாமல் போனை மூடி வைத்தவன், என் கை தானாகப் போய் அந்தப் பந்தை எடுத்து அவள் வலது கையில் வைத்தது. நான் நினைக்கக்கூட இல்லை. அவள் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதை மறுபடியும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, “அந்தக் கைக்குப் பந்து தெரியாது தாத்தா” என்றாள். எறிந்தாள். தூரம் ஒன்றும் போகவில்லை, பத்தடி போயிருக்கும். நான் பந்தை எடுக்கப் போகிற சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாப்பா கையில் மாட்டிய அந்த சாக்ஸை எடுத்துவிடு. அவள் சிரிக்கிறாளே என்று விட்டுவிடாதே, நீயும் சிரித்தாய். நாளைக்கு ஒரு விசேஷத்தில் அவள் இடது கையால் கற்கண்டு கொடுத்து யாராவது கையை இழுத்துக்கொண்டால், நீ குனிந்து உன் கையை நீட்டி வாங்கிக்கொள். எனக்கு அன்று அது தோன்றவில்லை. அவ்வளவுதான் செய்திருக்க வேண்டியது.

இனி உன் முதல் கேள்வி. ஃபர்ஸ்ட் பேஸுக்கு லெஃப்ட் ஹேண்டர் யாராவது தெரியுமா என்று கேட்டாய். ஒருவனைத் தெரியும். முப்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. எறிகிற கை இருபத்தெட்டு வருடமாகத் தூங்குகிறது. லாஃப்டிலிருந்து மிட்டை இறக்கிவிட்டேன். தோல் விறைத்துப் போயிருந்தது, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ஒரு மாதிரி மடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்கு வந்துவிடு. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. மிட் பெஞ்சில் இருக்கும், வலது கையில் மாட்டிக்கொள், யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். நான் மூன்றாவது பேஸில் நிற்கிறேன். இடது கையால் ஒரே ஒரு பந்து எறி. அது வராமல் பாதியில் விழுந்தால் அது என் தப்பு. அன்று வந்ததுபோல் நேராக வந்துவிட்டால், இன்னும் பெரிய தப்பு. எதுவானாலும் இந்தத் தடவை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டேன், நிற்பேன்.

உன் அப்பா